கணக்கில் வரும் காற்று

என் அக்கா லிஃப்டுகளுக்குச் சீல் வைப்பவள். இந்த வேலையைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு அவள் வந்து நிற்கும் வரைதான் அந்தச் சிரிப்பு. தோளில் ஒரு பை, அதற்குள் டார்ச், அளவுகோல், கந்தல் துணி, ஒரு கட்டுச் சிவப்புச் சீட்டு. வந்ததும் நேராக மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போவாள், அதுவும் படி ஏறி. "சோதிக்காத லிஃப்டுல நான் எதுக்கு ஏறணும்?" என்பாள். கம்பிவடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இழை இழையாகப் பார்ப்பாள். எங்காவது பிசிறு தட்டுப்பட்டால் தீர்ந்தது, கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவாள். உடனே குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓடி வருவார். மாமனாருக்கு முட்டிவலி என்பார். லேசான பிசிறுதானே மேடம், கிட்டத்தட்ட நல்லாத்தானே இருக்கு என்பார்.

அக்கா பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொள்வாள். "கிட்டத்தட்ட மூணாவது மாடியில நிக்கிற லிஃப்டுலேருந்து யாரும் கிட்டத்தட்ட இறங்க முடியாது சார்."

இந்த மனுஷி ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என்ன செய்கிறாள் என்று அந்தத் தலைவர்களுக்குத் தெரிந்தால் மயங்கி விழுவார்கள். என் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு அரக்கர்களை ஏவிவிட்டு எங்களைக் கொல்கிறாள்.

நான் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். பொறுமை வேண்டிய தொழில். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். கடைக்கு மேலே ஓர் அறை. பித்தளைத் தூளும் எண்ணெயும் கலந்த வாசனை அங்கேயும் ஏறி வந்துவிடும். யாரோ கழற்றிப் போட்ட பழைய கதவொன்றை இரண்டு மரச்சட்டங்களின் மேல் கிடத்தியிருக்கிறேன், அதுதான் எங்கள் மேசை. சாவித் துவாரம் அப்படியே இருக்கிறது. பகடை அதில் விழுந்து தரையில் உருண்டு ஒரு தடவை பெரிய ரகளையாகிவிட்டது. அன்றிலிருந்து பிஸ்கட் டப்பா மூடிக்குள்தான் உருட்ட வேண்டும், மூடிக்கு வெளியே விழுந்தால் செல்லாது. யார் போட்ட சட்டம் என்று கேட்கவே வேண்டாம்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு வேடம். நான் இடிமுட்டி என்ற முரட்டு வீரன். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்து கொடுக்கும் நான், அங்கே போனால் எந்தக் கதவையும் உடைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவேன். ஒருவர் கதையை நடத்துவார்: காடு, கோட்டை, எதிரி எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் தங்கள் வேடம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, அடி பட்டதா தப்பியதா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு இத்தனை உயிர்ப்புள்ளி என்று உண்டு. அது தீர்ந்தால் ஆள் காலி. இதற்கெல்லாம் செங்கல் கனத்தில் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தவர் எதிர்வரிசையில் இருக்கும் பல் டாக்டர். நல்ல மனிதர். யாருக்கும் வலிக்கக் கூடாது என்பதே அவருடைய வாழ்க்கை. ஆரம்பத்தில் அவர்தான் கதையை நடத்தினார். நான் கூரையிலிருந்து குதித்து, நடுவழியில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, கரண்டியாலேயே டிராகனைக் கொன்றேன். பகடையில் மூன்றுதான் விழுந்தது. "அடடா, சொன்ன விதம் பிரமாதம், செத்துடுச்சுன்னே வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர். ஒரு மாதம் நாங்கள் எல்லாவற்றையும் ஜெயித்தோம். ஒரு மாதத்தில் எங்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சாவியை வாங்க வந்த அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அந்தப் பகடை எதுக்கு? அழகுக்கா?"

அன்று விதிப்புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிப் போனவள், அடுத்த வாரம் முழுதாகப் படித்துவிட்டு வந்தாள். கதை நடத்தும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதோடு சரி, டாக்டர் சந்தோஷமாக ஒதுங்கி, வில் வீரனாக வேடம் மாற்றிக்கொண்டார். அக்கா நடத்திய முதல் சண்டையிலேயே என் முதல் இடிமுட்டி ஒரு கதவடியில் செத்துப்போனான். அக்காவைக் கண்டபடி திட்டினேன். அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். அட்டைக் கத்தி வைத்துச் சண்டை போடும்போது அவள் குத்தியதும் நான் "கவசம் போட்டிருக்கேன்" என்று கத்துவேன். "எப்ப போட்ட? குத்துறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்பாள். சொல்லிவிட்டுத்தான் நான் அழுவதற்கு நேரம் கொடுப்பாள்.

மேசையில் அவளுடைய முதல் சட்டம்: முதலில் பகடை, அப்புறம் வாய். என்ன நடந்தது என்பதைப் பகடை சொல்லும், எப்படி நடந்தது என்பதை நாம் சொல்ல வேண்டும். எப்படி என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம், என்ன என்பதில் மட்டும் கை வைக்கக் கூடாது. இருபது விழுந்தால் மட்டும் ஒரு சலுகை: எதிரிக்கு எங்கே என்ன காயம் என்று நாமே சொல்லலாம், அது கணக்கில் வரும். நீடித்து நிற்கும் காயம், சாபம், மயக்கம் எதுவானாலும் அந்தப் பொம்மையின் மேல் அக்கா ஒரு சின்னச் சிவப்புச் சீட்டை ஒட்டிவிடுவாள். மறதிக்கு மருந்து என்பாள். அலுவலகச் சீட்டு இல்லை, சொந்தக் காசில் வாங்கியது. அதையும் முதல் நாளே எங்களிடம் தெளிவுபடுத்திவிட்டாள்.

பொம்மைகள் என் கைவேலை. வெட்டும்போது கெட்டுப்போன சாவிகளை ராவி, அடியில் ஒரு வில்லையைப் பற்றவைத்து நிற்க வைத்துவிடுவேன். ஒவ்வொரு சாவியும் ஓர் ஆள். செத்தால் அந்தச் சாவி ஜன்னலுக்கு மேலே உள்ள ஆணிக்குப் போய்விடும். ஆணிக்குப் போனது திரும்பி இறங்காது. என் இடிமுட்டிகள் மூன்று பேர் அங்கே தொங்குகிறார்கள். அக்காவின் கணவர், என் மாமா, ஒரே ஒரு தடவை விளையாட வந்தார். முதல் சுற்றிலேயே அவருடைய மந்திரவாதி கிணற்றில் விழுந்து செத்தான். "கட்டின புருஷனுக்கே இந்தக் கதி" என்று எழுந்து போனவர்தான், அதற்குப் பிறகு டீ கொண்டுவருவதோடு நிறுத்திக்கொண்டார்.

இனி மைக்கு, நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான். மாமாவின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாள் பூராவும் ஒரே வாக்கியங்களை வாசிக்க வேண்டும். வண்டி எண்ணும் மேடை எண்ணும் மட்டும்தான் மாறும். ஒரு நாள் மழையைப் பார்த்து மனசு கேட்காமல் "குடையை வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். மேலதிகாரி கூப்பிட்டு, கொடுத்ததை மட்டும் படி என்று சொல்லிவிட்டார். வாரம் முழுக்க அடைத்து வைத்த அத்தனை வார்த்தைகளும் ஞாயிற்றுக்கிழமை என் மாடியில் கொட்டும். அவளுடைய வேடம் மின்மினி என்ற குட்டித் திருடி. அவள் ஒரு சுவர் ஏறிக் குதித்தால், அந்தச் சுவரில் பாசி எந்தப் பக்கம் வழுக்கியது, பல்லி எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது வரை நமக்குச் சொல்லிவிட்டுத்தான் தரையில் கால் வைப்பாள்.

அக்கா நேர் எதிர். அவள் காட்சி சொல்வது லிஃப்ட் பரிசோதனை அறிக்கையை வாசிப்பதாகத்தான் இருக்கும். "கோட்டை. கல்லுல கட்டினது. வாசல் ஒண்ணு. காவல் ரெண்டு பேர்."

மைக்குக்குத் தாங்காது. "அண்ணி, இவ்வளவு பெரிய கோட்டை, ஒரு காத்தாவது வீசக் கூடாதா?"

"காத்து வீசினா அம்பு குறியில ரெண்டு குறையும். வீசட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம் மேடம்" என்று டாக்டர் தன் வில் வீரன் சாவியைப் பொத்திக்கொள்வார்.

அக்காவுக்குக் கற்பனை வறட்சி என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவள் உலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது இருக்கும். காற்று என்றால் அம்பு விலகும். ஈரம் என்றால் கால் வழுக்கும். அதனால்தான் வாயைத் திறக்க அவ்வளவு யோசித்தாள். கம்பிவடத்தைத் தொடும் அதே கையால்தான் வார்த்தையையும் தொட்டாள்.

போன மாதம் மைக்குக்கு மாற்றல் வந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். முந்தின நாள் ஞாயிறுதான் எங்கள் கடைசி ஆட்டம், அன்றைக்குத்தான் மூன்று வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்த ஒற்றைக்கொம்பனோடு சண்டை. மேசையில் உட்கார்ந்ததும் மைக்கு தன் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"பூட்டு," என்றாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "மின்மினி செத்துட்டா ஆணிக்குத்தானே போவா?"

"ஏன் அபசகுனமாப் பேசற?"

"இல்ல, உயிரோட இருந்தா அவ இங்கயே இருப்பால்ல? நான் எப்ப வந்தாலும் உக்காந்து ஆடலாம்ல?"

"அதுதான் சட்டம்" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். ஆடுகிறவர் வெளியூர் போனாலும் உயிரோடு இருக்கும் வேடம் அந்த உலகத்தில் காத்திருக்கும். செத்தால் அவ்வளவுதான், அடுத்த தடவை வேறு ஆளாகத்தான் வர வேண்டும்.

"அந்த ஊர்ல எனக்கு ஒரு ஈ காக்கா தெரியாது. அங்கயும் அதே கண்ணாடி ரூம், அதே வரி. இங்க எனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு இருந்தா போதும், அங்க எப்படியாவது ஓட்டிடுவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மின்மினி சாகக் கூடாது. அன்று எனக்கு வேறு எதுவுமே முக்கியமில்லை.

ஒற்றைக்கொம்பன் என் கடையிலேயே பெரிய பூட்டு. உள்ளங்கை அளவு அகலம், அதன் துவாரத்தில் முறிந்த சாவித் துண்டொன்று துருத்திக்கொண்டிருக்கும், அதுதான் கொம்பு. அக்கா அதை மேசையின் நடுவில் வைத்தாள்.

"பாலம். மரம். நடுவுல ஒரு பலகை இல்ல. கீழ ஆறு. அந்தப் பக்கம் ஒற்றைக்கொம்பன், கையில இரும்பு உலக்கை. உங்க முறை."

நான் பாய்ந்தேன். பகடையில் நான்கு.

"தவறிடுச்சு. எப்படித் தவறுச்சுன்னு சொல்லு."

"காலு வழுக்கிடுச்சு" என்றேன் கடுப்பாக.

"வழுக்கினா விழணும். விழுந்தியா?"

"வழுக்கல, வழுக்கல! நல்லாத்தான் நிக்கிறேன். குறி தப்பிடுச்சு, அவ்வளவுதான்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அம்பு பட்டது. "கொஞ்சமா வலிக்கும்" என்று வழக்கம்போல் ஒற்றைக்கொம்பனுக்கு ஆறுதல் சொன்னார். அடுத்து மைக்கு உருட்டினாள். பகடை பிஸ்கட் மூடியில் சுற்றிச் சுற்றி வந்து நின்றது. இருபது!

அறையே அதிர்ந்தது. மைக்கு நாற்காலி மேல் ஏறிவிட்டாள். "கைப்பிடிக் கயிறு மேலயே ஓடி வர்றேன். அவன் கொட்டாவி விடறான், அந்தக் கொட்டாவியோட சூடு என் நெத்தியில அடிக்குது. ஒரே தாவு! என் கத்தி அவன் இடது கண்ணுல. அவன் கடைசியா அந்தக் கண்ணால பார்த்தது என் மூக்குத்தியைத்தான்!"

அக்காவே சிரித்துவிட்டாள். "சரி. இடது கண்ணு போச்சு." சிவப்புச் சீட்டை எடுக்கப் பையில் கை விட்டாள். அந்த நேரம் பார்த்து மாமா காலால் கதவைத் தள்ளிக்கொண்டு டீத் தட்டோடு உள்ளே வந்தார். சாமான் ஏற்றும் வண்டி சாயங்காலமே வந்துவிடுமாம், பெட்டியெல்லாம் கட்டியாச்சா என்று தங்கையைக் கேட்டார். மைக்கு நாற்காலியிலிருந்து இறங்கினாள். அக்கா பையிலிருந்து வெறுங்கையை எடுத்து, டீயை ஒவ்வொருவருக்காக நகர்த்தி வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

டீ குடித்தபின் எல்லாம் தலைகீழானது. ஒற்றைக்கொம்பன் உலக்கையால் ஒரே வீச்சில் என்னைப் பாலத்தின் கம்பத்தில் அறைந்தான். எனக்கு மிஞ்சியது இரண்டே உயிர்ப்புள்ளி. டாக்டரிடம் ஒரே ஓர் அம்பு. மின்மினியும் நைந்து போயிருந்தாள், இன்னொரு அடி தாங்க மாட்டாள்.

"எங்க நிக்கிற?" என்று அக்கா மைக்கிடம் கேட்டாள்.

"அவன் இடது கால் சுண்டுவிரல் நகத்துக்குப் பின்னால பதுங்கியிருக்கேன். ஜென்மத்துல அந்த நகத்தை வெட்டினதே இல்ல. என்ன நாத்தம் அண்ணி!"

"நகத்துக்குப் பின்னால பதுங்க முடியாது. காலுக்குப் பின்னாலன்னு வெச்சுக்க. நாத்தத்துக்கு விதி இல்ல."

"வேணும்னா ஒரு விதி எழுதிக்கலாம் மேடம்," என்றார் டாக்டர். "வாய் நாத்தம்னா நான் பொறுப்பு எடுத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டே மைக்கு குதிகாலில் குத்தினாள். பட்டது, ஆனால் லேசாக. இப்போது ஒற்றைக்கொம்பனுக்கு அவள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அக்காவின் முறை. மின்மினிமேல் உலக்கை பட வேண்டுமானால் பகடையில் பதினான்காவது விழ வேண்டும். அக்கா பகடையைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அப்புறம் எல்லாரும் பார்க்க உருட்டினாள்.

பதினேழு.

"பட்டுடுச்சு" என்றாள் அக்கா. குரலில் ஒன்றும் இல்லை. பேனா மூடியை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அக்கா, நாளைக்கு அவ ஊரை விட்டுப் போறா! இன்னொரு தடவை உருட்டினா உலகம் அழிஞ்சுடுமா?"

"அழிஞ்சுடும்டா. இந்த உலகம் அழிஞ்சுடும்."

"நீயெல்லாம் ஒரு அண்ணியா? உனக்கு நெஞ்சுல என்ன, மோட்டாரா ஓடுது?"

"கத்தாத. இன்னைக்கு நான் ஒரு பகடையை மாத்தினேன்னா, மூணு வருஷமா அவ பொழைச்சு வந்ததெல்லாம் நான் போட்ட பிச்சைன்னு ஆயிடும். அவ பொழைச்சதெல்லாம் அவளே பொழைச்சது. அதை நான் கெடுக்க மாட்டேன்." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

பதில் சொன்னது மைக்குதான். "அண்ணி சொல்றது சரி, பூட்டு. சும்மா கிடைச்சா அது மின்மினி இல்ல." தன் சாவியைத் தானே எடுத்தாள். நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு ஏறினாள். ஆணியில் தொங்கும் என் மூன்று இடிமுட்டிகளையும் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "கொஞ்சம் தள்ளிக்குங்க அண்ணன்மாரே. விடுங்க அண்ணி, ஒரு கண்ணையாவது வாங்கிட்டுத்தானே போறேன்."

"என்ன சொன்ன?" அக்கா எழுந்துவிட்டாள்.

"ஒரு கண்ணு..."

"நில்லு! சாவியை மாட்டாத! அப்படியே நில்லு!"

அக்கா அந்தப் பெரிய பூட்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். எங்கும் சிவப்புச் சீட்டு இல்லை. அவள் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிசிறு விட்ட கம்பிவடம் தன் கண்ணிலேயே படாமல் போயிருந்தால் அவள் முகம் அப்படித்தான் ஆகியிருக்கும்.

"ஒட்டல. நான் ஒட்டல. டீ வந்துச்சு, ஒட்டாம விட்டுட்டேன்." எங்களை நிமிர்ந்து பார்த்தாள். "தப்பு என்மேல. இவனுக்கு இடது கண்ணு இல்ல. கண்ணு தெரியாத பக்கம் அடிச்சா ரெண்டு பகடை உருட்டணும், எது சின்னதோ அதுதான் செல்லும். நான் ஒண்ணுதான் உருட்டியிருக்கேன்."

டாக்டர் பாய்ந்து புத்தகத்தைப் புரட்டினார். "ஆமா மேடம்! இருக்கு! இதோ இருக்கு!"

"அப்ப உருட்டு!" என்று கத்தினேன்.

"இரு. அவ எந்தப் பக்கம் நின்னா?"

மேசையைப் பார்த்தோம். சாவிதான் அங்கே இல்லையே, மைக்கு கையில் அல்லவா இருந்தது! "இடது பக்கம்தான்!" என்று நானும் டாக்டரும் ஒரே நேரத்தில் அலறினோம். அக்கா கையை உயர்த்தினாள். "நீங்க ரெண்டு பேரும் அவ கட்சி. உங்க சாட்சி செல்லாது." எனக்குப் பூட்டை எடுத்து எங்காவது வீசலாம் போல இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். மூடின கண்ணோடு அவள் உதடு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது.

"இடது கால் சுண்டுவிரல் நகம்" என்றாள். "ஜென்மத்துல வெட்டாத நகம். நான்தானே காலுக்குப் பின்னாலன்னு திருத்தினேன்? இடது காலுதான். செல்லும்."

ஐயோ, அந்த நாற்றம் பிடித்த நகத்தை நான் முத்தமிட்டிருப்பேன்! கணக்கில் வராது என்று நாங்கள் சிரித்துத் தள்ளிய வாயளப்பு அவளைக் காப்பாற்ற வந்து நின்றது. மைக்கு இன்னும் நாற்காலி மேலேயே நின்றாள், ஒரு கை ஆணிக்குப் பக்கத்தில், மறு கையில் மின்மினி. டாக்டர் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மாமா எப்போது வந்தாரோ தெரியாது, வாசலில் காலித் தட்டோடு நின்று, "சீக்கிரம் உருட்டித் தொலைம்மா" என்றார்.

அக்கா இரண்டாவது பகடையை எடுத்தாள். பிஸ்கட் மூடியை நேராக வைத்தாள். உருட்டினாள். அது மூடியின் விளிம்பில் ஏறியது. வெளியே விழப்போகிறது என்றே நினைத்தேன். உள்பக்கமாகச் சாய்ந்தது. ஒரு முகம் புரண்டது, இன்னொரு முகம் புரண்டது.

பதின்மூன்று.

நான் போட்ட கூச்சலில் கீழே தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள் என்று பிற்பாடு பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். மாமா தட்டைத் தாளமாகத் தட்டினார். மைக்கு நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்றே தெரியவில்லை, அக்காவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். "விடுடி, விடு, சண்டை முடியல" என்று சொல்லிக்கொண்டே அக்காவும் அவளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எல்லாரும் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தோம். "அண்ணி, இது உங்க பகடை," என்றாள் மைக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எப்படித் தவறுச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா வழக்கம்போல் ஒரு வரியில் முடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"காத்து வீசுது" என்றாள்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "மேடம், கணக்குல வருமா?"

"வரும். வீசட்டும்." அவள் மேசையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். "ஆத்துலேருந்து மேல ஏறி வர்ற காத்து. பலகையெல்லாம் கடகடன்னு ஆடுது. ஒற்றைக்கொம்பன் உலக்கையை ஓங்கிட்டான். வலது பக்கம் அவனுக்கு எல்லாம் தெரியுது, ஆறு, பாலம், இடிமுட்டி, வானம். இடது பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள்ள எங்கயோ ஒரு சின்னப் பொண்ணு மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்கா. காத்து அவ முடியைக் கலைக்குது. அவ பயப்படல. மூணு வருஷமா எத்தனையோ இருட்டுல உக்காந்தவதான். உலக்கை இறங்குது. அவ காதை உரசிட்டுப் போய்ப் பலகையில குத்தி, அங்கயே சிக்கிக்குது. அவ அங்கதான் இருக்கா."

இத்தனை வார்த்தைகளை எங்கே வைத்திருந்தாள் என் அக்கா?

அதற்குப் பிறகு நடந்தது வெறும் கொண்டாட்டம். டாக்டரின் கடைசி அம்பு நல்ல குறியோடுதான் போனது, அந்தக் காற்றில் இரண்டு குறைந்து ஆற்றில் விழுந்தது. "விதின்னா விதிதான்!" என்று தோற்றவர் போலவே இல்லாமல் துள்ளினார். நான் உருட்டினேன், பட்டது, ஒற்றைக்கொம்பன் முட்டி போட்டான். கடைசி அடி மைக்குக்கு. பகடையில் பதினாறு. ஒற்றைக்கொம்பனுக்கு உயிர்ப்புள்ளி தீர்ந்தது.

"எப்படி?" என்றாள் அக்கா.

மைக்கு எழுந்தாள். முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, நிலையத்தில் பேசும் அதே குரலில், அதே இழுவையில் ஆரம்பித்தாள்: "பயணிகள் கவனத்திற்கு. பாலத்தின் மேல் நின்றுகொண்டிருக்கும் ஒற்றைக்கொம்பன், இன்னும் சில நொடிகளில் இங்கிருந்து புறப்பட்டு, ஆற்றின் அடிப்பகுதி வரை செல்வார். வழியில் எந்த இடத்திலும் நிற்க மாட்டார். குடையை மறந்துவிடாதீர்கள்."

சிரித்துச் சிரித்து மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே சாமான் வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது மைக்கு மின்மினியை மேசையில், பாலம் முடியும் இடத்தில் நிறுத்தினாள். கையில் எடுத்துப் போகிறாயா என்று நான் கேட்டேன். "எடுத்துட்டுப் போனா இங்க யாரு இருப்பா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர்தான். நான் மேசையைத் துடைத்தேன், மின்மினியை மட்டும் நகர்த்தவில்லை. அக்கா வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, மின்மினியின் முதுகில் ஒட்டி, பெருவிரலால் நன்றாக அழுத்தினாள்.

"அவளுக்கு என்ன மேடம்? காயமா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல. இருக்கா" என்றாள் அக்கா. "ஒரு தடவை ஒட்டாம மறந்துட்டேன்ல."